56 நிமிடம் 24 நொடி

2019 ஜூலை 15, திங்கட்கிழமை. அதிகாலை என்றுகூடச் சொல்ல முடியாது, நடுராத்திரி. மணி ஒன்று ஐம்பத்தைந்து இருக்கும். சந்திரயான்-2 கிளம்புவதற்காக ஸ்ரீஹரிகோட்டாவில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரம் 56:24 என்ற எண்ணில் நின்றது. நின்றது நின்றதுதான்.

இணையத்தில் நேரலை பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பலருக்கும் முதலில் தோன்றியது ஒன்றே ஒன்று: நெட் மாட்டிக்கொண்டது! ரெஃப்ரெஷ் செய்தார்கள். ஃப்ளைட் மோடு போட்டு எடுத்தார்கள். போனைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போனார்கள். திரையில் ஆட்கள் நடமாடுகிறார்கள், கடிகாரம் மட்டும் நகரவில்லை. மாட்டிக்கொண்டது நெட் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. கொஞ்ச நேரத்தில் இஸ்ரோவின் அறிவிப்பு வந்தது. ஏவுகலத்தில் ஒரு தொழில்நுட்பக் கோளாறு தெரிந்திருக்கிறது, முன்னெச்சரிக்கையாக இன்றைக்கு ஏவவில்லை, புதிய தேதி பிறகு. அவ்வளவுதான். நாலு வரி.

20 மணி நேரக் கவுன்ட்டவுன் அது. முந்தின நாள் ஞாயிறு காலை 6:51-க்குத் தொடங்கியது. திங்கள் அதிகாலை 2:51-க்கு ராக்கெட் கிளம்ப வேண்டும். குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்தே நேரில் வந்து உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலேஜ் இருக்கிறது, ஆபீஸ் இருக்கிறது என்று தெரிந்தும் நாடு முழுக்க எத்தனையோ பேர் விழித்திருந்தார்கள். விஞ்ஞானிகள் இல்லை, இஸ்ரோவில் சொந்தக்காரர்களும் இல்லை. சும்மா ஆசைக்குப் பார்க்கிறவர்கள். அதனால்தான் அந்த ராத்திரி அவ்வளவு எரிச்சலும் கிண்டலும் கொட்டின. ‘ஒரு மணி நேரம் இருக்கும்போதுதான் கண்ணுக்குத் தெரிந்ததா?’ என்பதுதான் பெரும்பாலானோரின் கேள்வி.

நியாயமான கேள்விதான். பதிலும் இருக்கிறது. அதற்குக் கவுன்ட்டவுன் என்றால் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பத்து, ஒன்பது, எட்டு என்று தலைகீழாக எண்ணுவது மட்டும்தான் கவுன்ட்டவுன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதைப் பிரபலமாக்கியதே சினிமா என்பார்கள். ஃப்ரிட்ஸ் லாங் 1929-இல் எடுத்த ‘நிலவில் பெண்’ என்ற ஜெர்மன் படத்தில் ராக்கெட் கிளம்பும் காட்சிக்கு எண்களைக் குறைத்துக் குறைத்துக் காட்டினார். ஊமைப்படம், அதனால் எண்களை எழுத்தில்தான் காட்ட முடிந்தது! பார்க்கிறவர்களுக்கு அது பதைபதைப்பு. ராக்கெட் கட்டுகிறவர்களுக்கோ அது வேலைப் பட்டியல். இந்த நிமிடத்தில் இந்த வேலை முடிந்திருக்க வேண்டும், முடிந்ததா, சரிபார்த்தாயிற்றா, அடுத்தது.

சந்திரயான்-2-ஐத் தூக்கிக்கொண்டு போக நின்றது ஜிஎஸ்எல்வி மார்க்-3. 640 டன் எடை, 43 மீட்டருக்குமேல் உயரம். பக்கவாட்டில் இரண்டு பெரிய பூஸ்டர்கள். அவற்றில் திட எரிபொருள், முன்கூட்டியே நிரப்பியது. நடுவில் திரவ எரிபொருள் கட்டம். எல்லாவற்றுக்கும் மேலே கிரையோஜெனிக் கட்டம். அதில் திரவ ஆக்ஸிஜனும் திரவ ஹைட்ரஜனும். ஆக்ஸிஜன் திரவமாக இருக்க மைனஸ் 183 டிகிரி வேண்டும், ஹைட்ரஜனுக்கு மைனஸ் 253. இவற்றை நாலு நாள் முன்னாலேயே ஊற்றி வைக்க முடியாது, ஆவியாகிக்கொண்டே இருக்கும். கவுன்ட்டவுனின் கடைசி மணி நேரங்களில்தான் நிரப்ப முடியும்.

வம்பே இங்கேதான். அவ்வளவு குளிர் ஏறும்போது உலோகம் சுருங்குகிறது. சாதாரண வெப்பத்தில் சோதித்தபோது இறுக்கமாக இருந்த இணைப்பு, குளிரில் மயிரிழை இடைவெளி விடலாம். அன்றைக்கும் ஹைட்ரஜன் நிரப்பும் வேலை முடிந்த பிறகுதான் கோளாறு தெரிந்தது. அழுத்தம் கொடுப்பதற்கான ஹீலியம் கசிந்தது என்று பிறகு செய்திகள் வந்தன. ஆக, ‘ஒரு மணி நேரம் முன்னால்தான் தெரிந்ததா’ என்ற கேள்விக்குப் பதில், ஆமாம், அதற்கு முன்னால் அது தெரிய வழியே இல்லை.

இதே விஷயத்தை மன்னார்குடிப் பக்கம் ஒருவர் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். மன்னார்குடியிலிருந்து வடுவூர் போகிற வழியில் ஒரு கிராமம். அந்த ராத்திரி அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் மூன்று பையன்கள். வீட்டுக்குள்ளே சிக்னல் வராது என்பதால் திண்ணை. ஒரு போனைச் சொம்பில் சாய்த்து வைத்து மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பிசிக்ஸ், மற்ற இருவரும் பி.காம். மும்முனை மின்சாரம் ராத்திரியில் வருகிற முறை என்பதால் போர்செட்டில் மோட்டார் போடப் போயிருந்த அந்த வீட்டுக்காரர், டார்ச் லைட்டோடு திரும்பி வந்தார்.

“என்னங்கடா, இன்னும் தூங்கலயா? ராக்கெட்டு போயிடுச்சா?”

“இல்லப்பா, நிப்பாட்டிட்டாங்க. ஏதோ கோளாறாம்.”

“கோளாறுன்னா நிப்பாட்டத்தான செய்வாங்க? நம்ம மோட்டாரு சத்தம் மாறுனா என்னா பண்றோம்? ஓடட்டும்னு உட்டா காயில் எரிஞ்சு போயிடும்ல.”

“ஜனாதிபதியெல்லாம் வந்து உக்காந்திருக்காருப்பா,” என்றான் பி.காம் பையன்களில் ஒருவன்.

“வந்தா? அதெல்லாம் காயிலுக்குத் தெரியுமா?”

சொல்லிவிட்டுக் கால் கழுவப் போய்விட்டார். பையன்களுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், கவுன்ட்டவுன் எதற்காக இருக்கிறது என்பதே இந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. ராக்கெட்டைக் கிளப்ப அவ்வளவு பெரிய பட்டியல் தேவையே இல்லை, பற்றவைத்தால் போதும். நிறுத்துவதற்கு ஏகப்பட்ட இடம் வைத்து ஒரு வரிசை போட்டால் அதுதான் கவுன்ட்டவுன். ஒவ்வொரு வரியிலும் ‘இங்கே நிறுத்தலாம்’ என்று எழுதியிருக்கிறது. பூஜ்யம் வரை போய்விட்டால் நிறுத்த வேண்டிய காரணம் எதுவும் அகப்படவில்லை என்று அர்த்தம்.

நிறுத்தாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே உதாரணம் உண்டு. சொன்னவர் சாதாரண ஆள் இல்லை, அப்துல் கலாம். 1979 ஆகஸ்ட் 10, எஸ்எல்வி-3-இன் முதல் பயணம். திட்ட இயக்குநர் கலாம். 40 நொடி இருக்கும்போது கணினி கவுன்ட்டவுனை நிறுத்தியது. இரண்டாம் கட்டத்தில் ஒரு கசிவு. பக்கத்திலிருந்த நிபுணர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து, கசிந்தாலும் தாங்கும் என்றார்கள். கலாம் கணினியைத் தாண்டி ஏவச் சொன்னார். முதல் கட்டம் அழகாக எரிந்தது. இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு போனது. 317 நொடியில் எல்லாம் முடிந்து வங்காள விரிகுடாவில் விழுந்தது. பத்திரிகையாளர்கள் முன் தலைவர் சதீஷ் தவான் போய்ப் பொறுப்பேற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டு 1980 ஜூலை 18-இல் அது வெற்றி பெற்றபோது கலாமையே பேச அனுப்பினார். இந்தக் கதையை எல்லோரும் நல்ல தலைவர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குச் சொல்வார்கள். சரிதான். ஆனால் அதில் இன்னொரு பாதி இருக்கிறது. கணினி ‘வேண்டாம்’ என்றது, மனிதர்கள் ‘பரவாயில்லை’ என்றார்கள். அந்தப் பாதியையும் கலாம் மறைக்கவில்லை, மேடை மேடையாகச் சொன்னார்.

அதன் பிறகு ஸ்ரீஹரிகோட்டாவில் ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு மதிப்புக் கூடியிருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. 2001 மார்ச் 28-இல் முதல் ஜிஎஸ்எல்வியின் பக்கவாட்டு இன்ஜின்களைப் பற்றவைத்த பிறகே, ஒன்று மட்டும் சரியான விசை தரவில்லை என்று கணினி நிறுத்தியது. கிளம்ப ஒரு நொடிதான் பாக்கி! ஏப்ரல் 18-இல் அதே ராக்கெட் போனது. 2013 ஆகஸ்ட் 19-இல் ஜிஎஸ்எல்வி-டி5, ஒரு மணி சொச்சம் இருக்கையில் எரிபொருள் கசிந்து நிறுத்தப்பட்டது. 2014 ஜனவரி 5-இல் போனது. உள்நாட்டுக் கிரையோஜெனிக் இன்ஜின் முதன்முதலாக வென்ற நாள் அதுதான்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதில் தெரிந்த பாடம் ஒன்று உண்டு. ஏற்கெனவே செலவாகித் திரும்ப வராத பணத்தை அடுத்த முடிவுக்குள் இழுக்கக் கூடாது என்று முதல் வருடத்திலேயே சொல்லித் தருகிறார்கள். தேர்வில் எழுதி ஐந்து மார்க்கும் வாங்குகிறோம். ஆனால் படம் மொக்கை என்று இடைவேளையிலேயே தெரிந்தாலும் டிக்கெட் காசுக்காகக் கடைசிவரை உட்கார்ந்திருப்போம். சந்திரயான்-2-இன் மொத்தச் செலவு 978 கோடி ரூபாய். 20 மணி நேர உழைப்பு, வந்திருக்கும் குடியரசுத் தலைவர், விழித்திருக்கும் நாடு, எல்லாமே அந்த 1:55-க்குத் திரும்ப வராத செலவு. அவற்றை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, ‘இந்த அழுத்த அளவு சரியா, தப்பா’ என்று மட்டும் பார்ப்பது தேர்வில் எழுதுகிற மாதிரி சுலபமில்லை. கன்னியாகுமரி மாவட்டத்து விவசாயி மகன் கே. சிவன் அப்போது இஸ்ரோ தலைவர். திட்ட இயக்குநர் சென்னையைச் சேர்ந்த வனிதா. அந்த நிமிடத்தில் அங்கே இருந்தவர்களின் வயிற்றைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

தேதிக்காகக் காத்திருப்பது டெல்டாவுக்குப் புதிது இல்லை. மேட்டூரைத் திறக்க ஜூன் 12 என்று ஒரு தேதி உண்டு. 2019-இல் அந்தத் தேதி போனது, ஜூன் போனது, ஜூலை பாதி போனது. ஆற்றில் மணல்தான். அணை திறந்தது ஆகஸ்ட் 13. போர் இருக்கிறவர்கள்தான் குறுவை போட்டார்கள், அதனால்தான் அந்த மனிதர் ராத்திரி மோட்டார் போடப் போனார். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஜூன் 12-ஆம் தேதியே தண்ணீர் திறந்தது 2020-இல்தான். ‘ராக்கெட் விட்டு என்ன ஆகப்போகுது, ஆத்துல தண்ணி இல்ல’ என்று பந்தலடி டீக்கடையில் யாராவது சொன்னால் சட்டென்று பதில் சொல்ல முடியாது.

ஆனால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதே ரக ராக்கெட் அதற்கு முந்தைய முறை கிளம்பியது 2018 நவம்பர் 14. கஜா புயல் வங்கக் கடலில் இருந்ததால் வானிலையைப் பொறுத்துத்தான் ஏவுவோம் என்று இஸ்ரோ சொல்லியிருந்தது. ஸ்ரீஹரிகோட்டா தப்பித்தது, ராக்கெட் போனது. ஒரு நாள் விட்டு 16-ஆம் தேதி விடிவதற்குள் கஜா நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே ஏறி மன்னார்குடி வட்டாரத்துத் தென்னையெல்லாம் சாய்த்துவிட்டுப் போனது. அந்தப் புயல் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று முன்கூட்டியே பார்த்துச் சொன்னதில் இன்சாட் செயற்கைக்கோள் படங்களுக்கும் பங்கு உண்டு. அவையும் ஒரு நாள் யாரோ எண்ணிக் கிளப்பியவைதான்.

சரி, சந்திரயானுக்கு வருவோம். கோளாறைச் சரிசெய்து ஒரே வாரத்தில், 2019 ஜூலை 22 பகல் 2:43-க்குக் கிளப்பினார்கள். திட்டமிட்டதைவிட ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர் கூடுதல் உயரத்தில் கொண்டுபோய் விட்டது ராக்கெட். ஒரு வாரம் தாமதமானாலும், நிலவைச் சுற்றும் நாட்களைக் குறைத்து, செப்டம்பர் 7-இல் தரையிறங்கும் திட்டத்தை மாற்றவில்லை. அன்றைக்கு விக்ரம் லேண்டர் 2.1 கிலோமீட்டர் உயரத்தில் தொடர்பை இழந்தது எல்லோருக்கும் தெரியும். சிவன் அழுததும் எல்லோர் நினைவிலும் இருக்கிறது. ஆர்பிட்டரைத்தான் பலரும் மறந்துவிட்டார்கள். ஓராண்டுக்கு என்று அனுப்பிய அதற்கு, ஏவுதல் துல்லியமாக அமைந்து எரிபொருள் மிச்சமானதால் ஏறத்தாழ ஏழாண்டு ஆயுள் கிடைத்திருப்பதாக இஸ்ரோ சொன்னது. அந்த ராத்திரி ‘பரவாயில்லை’ என்று கிளப்பியிருந்தால் இது கிடைத்திருக்குமா?

2023 ஜூலை 14-இல் சந்திரயான்-3 கிளம்பியது. திட்ட இயக்குநர் விழுப்புரத்து வீரமுத்துவேல். இந்த முறை கடிகாரம் எங்கும் நிற்கவில்லை. (அன்று எண்ணிச் சொன்ன குரல் வளர்மதி என்பவருடையது என்பது, அவர் அந்தச் செப்டம்பரில் காலமானபோதுதான் பலருக்கும் தெரிந்தது.) ஆகஸ்ட் 23 மாலை 6:04-க்குத் தரையிறங்கியதை யூடியூபில் மட்டும் ஒரே நேரத்தில் 80 லட்சம் பேர் பார்த்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு இன்னொன்று நடந்தது. நான்கு ஆண்டுகளாக நிலவைச் சுற்றிக்கொண்டிருந்த சந்திரயான்-2 ஆர்பிட்டரும் புதிதாக வந்த லேண்டரும் ஒன்றோடொன்று தொடர்புகொண்டன. ‘வா நண்பா’ என்கிற மாதிரி அது வரவேற்றதாக இஸ்ரோ குறும்பாக எழுதியது.

2024 டிசம்பர் 4-இல் சூரியனைப் பார்க்கப் போகிற ஐரோப்பாவின் புரோபா-3 கலங்களோடு பிஎஸ்எல்வி நின்றது. கிளம்ப ஒரு மணி நேரம்கூட இல்லாதபோது கலத்தில் ஏதோ சரியில்லை என்று கவுன்ட்டவுனை நிறுத்தினார்கள். அந்தத் திண்ணைப் பையன்கள் மூவரும் இப்போது மூன்று ஊரில் இருக்கிறார்கள். வாட்ஸப்பில் பேசிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிசிக்ஸ் பையன் ‘காயில்’ என்று ஒரே வார்த்தை போட்டான். மற்றவன், ‘நாளைக்கு எத்தனை மணிக்குடா?’ என்று கேட்டிருந்தான். மறுநாள் மாலை 4:04-க்குப் போனது.