மழையில் தெரிந்தது என் டயரின் லட்சணம்

மக்களே, ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடுற இடம் கிட்டத்தட்ட உங்க உள்ளங்கை அளவுதான். ஸ்போர்ட்டியான கார் வச்சிருக்கிற தம்பிகள் இதைக் கொஞ்சம் யோசிங்க.

என் போலோ ஜிடிக்கு ஆசைப்பட்டு செமி ஸ்லிக் டயர் போட்டேன். காய்ஞ்ச ரோட்டில் அட்டை மாதிரி ஒட்டும். போன ஐப்பசியில் ஒரு நைட் கால், ஈசிஆரில் நல்ல மழை. தேங்கின தண்ணியில் ஏறியதும் ஸ்டீயரிங் லேசாகிடுச்சு. இரண்டு நொடி கார் என் கையில் இல்லை. பிரேக் மிதிக்காம ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தேன், பிழைச்சேன். கேஷுவாலிட்டிக்கு டாக்டராத்தான் போய்ச் சேர்ந்தேன்.

அந்த டயரில் தண்ணி வெளியேற பள்ளம் குறைவு. பாதி தேய்ஞ்சும் இருந்தது. சட்டப்படி 1.6 மி.மீ. போதும், மழைக்கு 3-க்குக் கீழே நான் நம்ப மாட்டேன். W ரேட்டிங்னா 270 கி.மீ. வேகம் தாங்குமாம். எங்கே போறது அந்த வேகத்தில்?

இந்த முறை அகலமான பள்ளம் உள்ளதா, ஈர ரோட்டுப் பிடிமானம் பார்த்து வாங்கினேன். பக்கவாட்டில் தேதியும் பார்த்தேன்: 1824 என்றால் 2024-ன் 18-வது வாரம்.

கடைக்காரர் சிரிச்சார், "மாத்திரை வாங்குற மாதிரி பாக்குறீங்களே டாக்டர்!"