பங்குக் கிணற்றுத் தண்ணீர்

எமது வளவுக்கும் தமையனாரின் தோட்டத்துக்கும் இடையில் ஒரு கிணறு இருக்கின்றது. பாட்டனார் காலத்தில் வெட்டப்பட்டது. காணி உறுதியின்படி அரைப் பங்கு அவருக்கு, அரைப் பங்கு எமக்கு. அவருடைய பங்கு வெங்காயப் பாத்திக்குப் போகின்றது; எமது பங்கு அடுக்களைக்கு வருகின்றது. தந்தையார் துலா மிதிக்கப் பாட்டனார் பட்டை பிடித்து ஊற்றிய காட்சியைச் சிறு பிராயத்திற் கண்டிருக்கின்றோம். பின்னர் மண்ணெண்ணெய் இயந்திரம் வந்தது. அதன் பின்னர் மின்சார மோட்டார் வந்தது. இறைக்கும் கருவிதான் மாறியது, தண்ணீர் மாறவில்லை என்றே நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். கொழும்பிலிருந்து வரும் உறவினர் ஒரு செம்பு நீர் அருந்திவிட்டு, "இந்தத் தண்ணிக்காகவே வரலாம்" என்பார்கள். கிணற்றை நாமே வெட்டியவர் போல முறுவலிப்போம்.

தமையனாரின் இளைய மகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்கின்றாள். 1974ஆம் ஆண்டில் திருநெல்வேலியில், பரமேசுவராக் கல்லூரி இருந்த வளவிலே தொடங்கப்பட்ட வளாகமே பின்னர் அந்தப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியில் ஆரம்பமாகி, போர்க் காலத்தில் இடம்பெயர்ந்து அலைந்து, இப்பொழுது மீண்டும் கிளிநொச்சியில் அறிவியல் நகரில் நடைபெறுகின்றது. பிள்ளைக்கு அந்த பீடத்தில் இடம் கிடைத்த செய்தி வந்த அன்று வீட்டில் மகிழ்ச்சி அரைவாசிதான். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்று சொல்லி வளர்ந்த ஊர் எமது ஊர். தோட்டத்திலிருந்து தப்பிப் போவதற்குத்தான் படிப்பு என்பது இங்கு எழுதாத சட்டம். தோட்டத்தைப் பற்றியே நாலு வருடம் படிக்க ஒரு பிள்ளை புறப்பட்டால் பெற்றார் என்ன செய்வார்? "டொக்டருக்குப் புள்ளி காணேல்லை" என்று தமையனார் அயலவருக்குச் சொன்னதை நாம் வேலிக்கு இப்பால் நின்று கேட்டோம்.

அவள் படிக்கும் பாடங்களில் ஒன்று நிலைபேறான அபிவிருத்தி. இத்தகைய சொற்றொடர்களைக் கேட்கும்போது எமக்குச் சற்றே கொட்டாவி வருவதுண்டு, மறைப்பானேன்! நோர்வே நாட்டுப் புறுண்ட்லண்ட் அம்மையார் தலைமையில் ஐக்கிய நாடுகள் சபை அமைத்த ஆணைக்குழு, 1987இல் அதற்கு ஒரு விளக்கம் கூறியது. வருங்காலச் சந்ததியார் தம் தேவைகளைத் தீர்க்கும் வல்லமைக்குக் குந்தகம் செய்யாமல் இன்றைய தேவையைத் தீர்த்துக்கொள்வது என்பது அதன் சாரம். 2015இல் உலக நாடுகள் கூடி 17 இலக்குகளை வகுத்து, 2030ஐத் தவணையாகக் குறித்தன. ஆறாவது இலக்கு நீரும் சுகாதாரமும். இவையெல்லாம் நியூயோர்க்கிலே தீர்மானமாகின்ற விடயங்கள், எமது கிணற்றடிக்கு இவற்றால் ஆவதென்ன என்றிருந்தோம்.

சென்ற வருடம் விடுமுறைக்கு வந்தவள் பத்துப் பன்னிரண்டு சிறிய போத்தல்களுடன் வந்தாள். ஊரிலுள்ள கிணறுகளில் ஒவ்வொரு போத்தல் நீர் எடுத்து, கிணற்றின் ஆழம், பக்கத்துப் பயிர், இடும் உரம் எல்லாவற்றையும் கொப்பியிற் குறித்தாள். முதற் போத்தல் எமது பங்குக் கிணற்று நீர். ஆய்வுகூடத்தில் பார்த்த முடிவுடன் அடுத்த முறை வந்தபோது, இராச் சாப்பாட்டு வேளையில் மெதுவாகச் சொன்னாள். நீரில் நைத்திரேற்று என்னும் உப்பு, உலக சுகாதார ஸ்தாபனம் விதித்த எல்லையைக் கடந்திருக்கின்றது. அந்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம்.

தமையனார் பிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"ஊர் முழுக்க இறைக்குது, ஊர் முழுக்கக் குடிக்குது. உன்ர அப்பாச்சி உந்தத் தண்ணியைக் குடிச்சுத்தானே தொண்ணூறு வயது மட்டும் இருந்தவ?"

"அப்பாச்சி பிள்ளையா இருந்த காலத்தில ஆர் அப்பா யூரியா போட்டது?"

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்த யூரியாதான் உன்னைப் படிப்பிச்சது, பிள்ளை" என்றார்.

அது முற்றிலும் உண்மை. 1945இலிருந்து எமது நாட்டில் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசந்தான். ஆயினும் உயர்தர வகுப்புக்குத் தனியார் ரியூசன், கிளிநொச்சியில் தங்குமிடம், சாப்பாடு, பஸ் செலவு என்பன இலவசமல்ல. அவ்வளவும் அந்த நாலு பரப்பு வெங்காயத்தில் வந்த காசு. பிள்ளையின் கண் கலங்கியது. நாம் எழுந்து கை அலம்பப் போய்விட்டோம்.

விடயம் இதுதான். எமது குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழையைச் சுண்ணாம்புக்கல் தன் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் ஏந்தி வைத்துக்கொள்கின்றது. அந்த நன்னீர், கீழே கிடக்கும் கடல்நீரின் மேல் மிதக்கின்றது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது அதனாலேதான். கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உப்பு அந்த அளவுக்கு ஏறும். வலிகாமத்துச் செம்மண்ணோ ஆழம் குறைந்தது. யூரியாவின் நூற்றில் 46 பங்கு நைதரசன். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அதனைச் சில நாட்களில் நைத்திரேற்றாக்கிவிடும். பயிர் உண்டது போக எஞ்சியதை மண் பிடித்து வைத்திருக்க மாட்டாது. அடுத்த இறைப்பு நீரோடு அது கீழே இறங்கிக் கல் வெடிப்பால் கிணற்றுக்கு வந்துவிடும். நிறமில்லை, மணமில்லை, சுவையிலும் பேதம் தெரியாது. கொழும்பு உறவினர் புகழ்ந்ததும் அந்த நீரைத்தான்.

எமது மகளின் நாலு மாதக் குழந்தை அப்போது எம் வீட்டில் இருந்தது. தாய்ப்பால் போதாமையால் மாப்பால் கரைத்தும் கொடுப்பார்கள். எமது பாரியார் மிகவும் கவனமானவர். தண்ணீரை ஒரு முறைக்கு இருமுறை கொதிக்க வைப்பார். கொதித்தாற் கிருமி சாகும். நைத்திரேற்றுப் போகாது, நீர் ஆவியாக ஆவியாகச் செறிவு கூடவே செய்யும் என்று பிள்ளை சொன்னாள். பச்சைக் குழந்தையின் குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இது கெடுத்து, மேனி நீலம் பாரிக்கச் செய்யும் என்றும் சொன்னாள். தெய்வாதீனமாக எமது குழந்தைக்கு ஒன்றும் நேரவில்லை. பாரியார் அன்றிரவு உறங்கவில்லை.

மறுநாட் காலையில் நாம் கோபத்துடன் தமையனாரிடம் போவதற்கு ஆயத்தமானோம். அப்பொழுது பிள்ளை அளவு நாடாவுடன் எமது பின்வளவுக்கு வந்து, "சித்தப்பா, உங்கட மலக்குழி எங்கே?" என்று கேட்டாள். அளந்தாள். கிணற்றிலிருந்து இருபத்தெட்டு அடி. அடிப்பாகம் பூசாத குழி. வீடு கட்டியபோது மேசன் காட்டிய இடத்தில் நாமே சம்மதித்து வெட்டுவித்தது. மலக்குழியிலிருந்தும் இதே நைத்திரேற்று இறங்கும். ஐம்பது அடியாவது தள்ளியிருக்க வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்வார். வெடிப்புள்ள கல்லில் அதுவும் போதாது என்றாள். நாம் தமையனாரிடம் போகவில்லை.

எமது ஊரிலிருந்து பல்கலைக்கழகம் போனவர்களை அன்று விரல்விட்டு எண்ணினோம். வைத்தியர்கள் இருக்கின்றார்கள், பொறியியலாளர்கள் இருக்கின்றார்கள், அரைவாசிப் பேர் கடல் கடந்து போனார்கள். அவர்களைக் குறை கூறுவது முறையன்று. போன காலம் அப்படிப்பட்டது. ஆயினும் ஒரு போத்தலுடன் கிணற்றடிக்குத் திரும்பி வந்தவர் அவர்களுள் எவரும் இல்லை.

அவளும் சக மாணவரும் சனசமூக நிலையத்தில் ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். விவசாயப் போதனாசிரியரும் வந்திருந்தார். கண்ணாடித் தொட்டியொன்றில் உடைத்த சுண்ணாம்புக்கல்லும் அதன்மேற் செம்மண்ணும் பரப்பி, ஒரு மூலையில் துளையிட்ட குழாயை நட்டு அதுதான் கிணறு என்றார்கள். மறுமூலையில் உடுப்புக்குப் போடும் நீலத்தைத் தூவி, பூவாளியால் நீர் வார்த்தார்கள். சற்று நேரத்தில் "கிணறு" நீலமாயிற்று. பின்வரிசையில் நின்ற கமக்காரர் சிலர் முன்னே வந்து எட்டிப் பார்த்தனர்.

தமையனார் அங்கேதான் வாய் திறந்தார். "எங்கட ஐயா பனையோலை தாழ்ப்பார், பூவரசங்குழை தாழ்ப்பார், மாட்டுப்பட்டி அடைப்பார். அது எனக்கும் தெரியும். இப்ப குழைக்கு எங்கே போறது? வேலியெல்லாம் மதிலாப் போச்சு. மாடு வைச்சிருக்கிறது ஆர்?"

மாணவர்களிடம் அதற்கு விடை இல்லை. எமது பிள்ளை கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டாள். அந்த வகுப்பிலே எமக்கு மிகவும் பிடித்த கட்டம் அதுதான். ஆய்வுகூடத்துக்குக் கிணறு கேட்ட கேள்வி என்று நினைத்தோம். வேலிக் கதியாலும் கிளிசரியாவும் வீட்டழகுக்காக அழிக்கப்பட்டதனால் மண்ணுக்கு உணவு போயிற்று என்பதை எந்தப் புத்தகத்தில் அவள் படித்திருக்க முடியும்?

2021ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் ஒரேயடியாகத் தடுத்தது. நோக்கம் நல்லதென்றே வைத்துக்கொள்வோம். 1962இலிருந்து மானியம் கொடுத்து உரத்தைப் பழக்கிய நாட்டில், மாற்று வழியைக் கற்பிக்காமல் ஒரு கட்டளையால் அதனை நிறுத்தலாம் என்று எண்ணினார்கள். நெல் விளைச்சல் வீழ்ந்தது. அந்த ஆண்டு முடியுமுன்னரே தடையைக் கைவிட நேர்ந்தது. தமையனார் அந்தப் போகத்தில் பட்ட கடனை இன்னும் சொல்வார். ஆகையினால் மகளும் "யூரியாவை விடுங்கோ" என்று சொல்லவில்லை. ஒரு பரப்பை மட்டும் தா என்று கேட்டாள்.

நாலு பரப்பில் ஒன்றைக் கயிறு கட்டிப் பிரித்துக் கொடுத்தார். மண்ணைச் சோதித்து, கூட்டெருவும் கிடைத்த குழையும் இட்டு, யூரியாவைக் குறைத்து, அதையும் ஒருமிக்கப் போடாமல் சிறிது சிறிதாகப் பிரித்து இட்டாள், இறைப்பையும் அளந்தாள். அறுவடையன்று அந்தப் பரப்பு வெங்காயத்தைத் தமையனார் வேறாக நிறுத்தார். விளைச்சல் சற்றுக் குறைவு. உரச் செலவும் குறைவு. கலண்டர்த் தாளின் பின்புறத்தில் கூட்டிக் கழித்துப் பார்த்து, "பெரிய நட்டமில்லை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நடுகைக்குக் கயிறு இரண்டு பரப்பைச் சுற்றி நின்றது.

எமது மலக்குழியை மூடி, வளவின் மறுகோடியில் பூசிய தொட்டி கட்டினோம். செலவு கொஞ்சமன்று. நிலத்துள் வருடக்கணக்காக இறங்கியது ஒரு மாரியிற் போய்விடாது என்று பிள்ளை முன்னரே எச்சரித்திருந்தாள். பேரக் குழந்தைக்கு இன்னும் போத்தல் தண்ணீர்தான் வாங்குகின்றோம். அரைக் கிணற்றுக்குச் சொந்தக்காரர் கடையில் தண்ணீர் வாங்குவதைக் கண்டு கடைக்காரர் சிரிக்கின்றார்.

சென்ற வாரம் அவள் மீண்டும் வந்தாள். தமையனார் வாளியால் அள்ளினார். அவள் போத்தலை நிரப்பி மூடினாள். எமது கையெழுத்துத்தான் தெளிவாக இருக்குமென்று திகதியையும் கிணற்றின் இலக்கத்தையும் எம்மை எழுதச் சொன்னாள். எழுதிக் கொடுத்தோம்.