உயிரோடிருந்தவருக்கு ஒரு கையறுநிலை

1975ஆம் ஆண்டு ஜூன் 5. லண்டனின் அபே ரோடு ஒலிப்பதிவுக்கூடம். பிங்க் ஃப்ளாய்ட் குழுவினர் 'ஷைன் ஆன் யூ க்ரேஸி டயமண்ட்' பாடலின் ஒலிக்கலவையில் மூழ்கியிருந்தனர். பருத்த உடலும் மழித்த தலையும் மழித்த புருவங்களுமாக ஒருவர் உள்ளே வந்து நின்றார். எவருக்கும் அடையாளம் தெரியவில்லை. சற்று நேரம் கழித்தே அவர் சிட் பாரெட் என்பது விளங்கிற்று. குழுவைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். மனநிலை குலைந்து 1968இல் விலக நேர்ந்தவர். அப்பாடல் பிறந்ததே அவரை எண்ணித்தான்.

இறந்தவரை நினைந்து இருப்பவர் இரங்குவதைக் கையறுநிலை என்பர். அத்துறையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் இப்பாடல் நம் நினைவில் எழுந்துவிடும். இங்கோ, இரங்கலுக்கு உரியவரே உயிரோடு வந்து நிற்கிறார்! டேவிட் கில்மரின் கிதாரில் பிறந்த அந்த நான்கு சுரங்களை அதன்பின் நம்மால் வெறும் இசையாகக் கேட்க இயன்றதில்லை.

பாரெட் பின்னர் கேம்பிரிட்ஜுக்கே திரும்பினார். ரோஜர் என்னும் இயற்பெயரோடு, ஓவியமும் தோட்டமுமாக வாழ்ந்து 2006இல் மறைந்தார். ரசிகர்கள்தாம் விடவில்லை; வீடு தேடிச்சென்று கதவைத் தட்டினர். அவர் அதை விரும்பவில்லை. நாம் அக்கதவைத் தட்டியதில்லை. தடுத்தது கடல்தான், பண்பன்று.

பாடல் அடங்கும் கணத்தில் ரிச்சர்ட் ரைட்டின் விரல்கள் 'சீ எமிலி ப்ளே'யின் மெட்டைச் சற்றே தொட்டு மீள்கின்றன. 1967இல் பாரெட் எழுதிய பாடல் அது. பல்லாண்டு கேட்டும் அந்தச் சில சுரங்கள் நம் செவிக்குப் பிடிபடவே இல்லை.