காலா கோடாவில் ஓய்ந்த தாளம்

மும்பைக் கோட்டைப் பகுதியில் காலா கோடா என்றால் டாக்ஸிக்காரர் மறுகேள்வி கேட்கமாட்டார். கறுப்புக் குதிரை என்று பொருள். ஏழாம் எட்வர்ட் மன்னரைச் சுமந்த அந்தக் குதிரைச் சிலை 1965-இல் பைகுல்லா உயிரியல் பூங்காவுக்கு அகற்றப்பட்டது. பெயர் போகவில்லை. 2017-இல் மன்னர் இல்லாத புதுக் குதிரை ஒன்றை நிறுத்தினார்கள்.

போனவற்றின் பெயரால் வழி சொல்வது இந்த வட்டாரத்தின் வழக்கம். ஜெஹாங்கீர் கலைக்கூடத்துக்கு எதிரே இருக்கும் கட்டடம் பலருக்கு இன்னும் ‘ரிதம் ஹவுஸ்’தான். 1940-களில் தொடங்கிய அந்த இசைத்தட்டுக் கடை 2016 பிப்ரவரி 29 அன்று மூடப்பட்டது.

கடை என்பது பாதி உண்மைதான். பாட்டுக் கேட்பதற்கென்றே அங்கே சிறு அறைகள் இருந்தன. தட்டைப் போட்டுக் கேட்கலாம், பிடித்தால் வாங்கலாம். பையில் காசில்லாத மாணவனும் உள்ளே வரலாம். ஜாஸ் தேடி வந்தவரும் ஹிந்துஸ்தானி தேடி வந்தவரும் தோள் உரச நிற்பார்கள்.

நிலத்தின் விலைமீது மட்டும் பழி போடுவது நியாயமில்லை. திருட்டு சி.டி.யும் இணையமும் வியாபாரத்தை ஏற்கெனவே தின்றிருந்தன. ஆனால் காலியான இடத்துக்கு யார் வருகிறார்கள் என்பதை நிலத்தின் விலைதான் தீர்மானித்தது. 2017-இல் வைர வியாபாரி நீரவ் மோடியின் நிறுவனம் கட்டடத்தைச் சுமார் ரூ. 32 கோடிக்கு வாங்கியது. நகைக் கடை வரும் என்றார்கள். வருவதற்குள் 2018-இல் பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடி வெடித்தது. கட்டடத்தை அமலாக்கத் துறை முடக்கியது. ஊரார் கூடி இதை வாங்கி, வளரும் இசைக் கலைஞர்களுக்கு அரங்கமாக்கலாமே என்று அப்போது யோசனை சொன்னார் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா. அது யோசனையாகவே நின்றது. பின்னர் நடிகை சோனம் கபூரின் புகுந்த வீட்டாருடைய ஆடை வணிக நிறுவனம் சுமார் ரூ. 48 கோடிக்கு அதை வாங்கியது.

கோட்டைப் பகுதி முழுக்க இதே போக்குதான். ஹார்னிமன் சர்க்கிளுக்கு 2011-இல் பிரெஞ்சு நிறுவனம் ஹெர்மீஸ் வந்தது. 2023-இல் அதே வட்டாரத்தில் சப்யசாச்சியின் மாளிகை போன்ற கடை திறந்தது. கலைக்கூடத்துக்குள் ஓவியர்கள் ஒரு தேநீரோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்த சமோவார் உணவகமோ 2015-இல் மூடப்பட்டது.

புதிய கடைகளால் பழைய கட்டடங்கள் பொலிவு பெறுகின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் வாசலில் சீருடைக் காவலர் நிற்கும் கடைக்குள் சும்மா நுழைய எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

காலா கோடா கலை விழா வந்தால் ஒன்பது நாளைக்கு இங்கே கட்டணமில்லாமல் இசை கேட்கலாம். ரிதம் ஹவுஸ் இருந்தவரை அதற்கு விழா வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாமல் இருந்தது.