மகள் பிறந்த வீட்டிலேயே இருக்கும் குடும்பம்

2023 மே மாதம். பிரசவத்துக்கு வந்திருந்த பெண்ணையும் பேரனையும் புனேவுக்கு ரயிலேற்றிவிட்டு வீடு திரும்பினேன். கொடியில் ஒரு சின்னத் துணிகூட இல்லை. எனக்கு அடுக்களையில் கால் பாவவில்லை. "உன் முகத்தைப் பார்க்கச் சகிக்கலை. வா, தங்கச்சி வீட்டுக்கு நாலு நாள் போயிட்டு வரலாம்" என்றார் என் கணவர்.

என் நாத்தனார் இருப்பது வால்பாறையில். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே ஒவ்வொன்றாக எண்ணினேன். 9-வது வளைவில், லோம்ஸ் வியூ என்கிற இடத்தில் இறங்கிக் கீழே அணையைப் பார்த்த பிறகுதான் தலைசுற்றல் நின்றது.

வீட்டுக்குள் நுழைந்ததும் நாத்தனார், "அண்ணி, கதவைத் தாழ் போடுங்க, அவங்க வந்துடுவாங்க" என்றாள். யாரோ வேண்டாத விருந்தாளி என்று நினைத்தேன். பார்த்தால், சிங்கவால் குரங்குகளாம்! சமையலறை ஜன்னலுக்குக் கம்பி வலை, அரிசி டப்பாவுக்குக் கனமான மூடி, எல்லாம் அவர்களுக்காகத்தான்.

மறுநாள் காலை பக்கத்தில் உள்ள புதுத்தோட்டத்துக்கு அழைத்துப் போனாள். தேயிலைக்கு நடுவே திட்டு போல மிஞ்சியிருக்கும் காடு அது. கன்னங்கரேலென்ற உடம்பு, முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, வால் நுனியில் சிங்கத்துக்கு இருப்பது போல் ஒரு குஞ்சம். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் இவை உண்டு. காட்டில் இருப்பவை மொத்தமே சில ஆயிரம்தான். மரத்தை விட்டு இறங்காத ஜாதி. காடு துண்டு துண்டானதால் ரோட்டில் நடக்கக் கற்றுக்கொண்டுவிட்டன. வண்டியில் அடிபடாமல் இருக்க, ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். குரங்குகளைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு காவல்காரரும் நின்றிருந்தார்.

வயிற்றில் குட்டி தொங்க ஒரு தாய் பலா மரத்தடியில் உட்கார்ந்திருந்தது. குட்டிக்கு இன்னும் பிடரி முளைக்கவில்லை, முகம் இளஞ்சிவப்பாக இருந்தது. பின்னால் ஒரு கிழட்டுக் குரங்கு, தாயின் முதுகு மயிரை விலக்கி விலக்கி எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. பேன் பார்ப்பது சுத்தத்துக்கு மட்டுமல்ல, உறவு விட்டுப் போகாமல் இருக்கவும்தான் என்றார் காவல்காரர்.

"அது மாமியாரா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "இதுங்களுக்கு மாமியாரே கிடையாதும்மா. பொண்ணு பொறந்த கூட்டத்துலயேதான் இருக்கும். அம்மா, அக்கா, சித்தி எல்லாம் ஒண்ணாவே. ஆம்பளைதான் பெரிசானா வெளியே போகணும்."

எனக்குச் சுரீரென்றது. மூன்று மாதம் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய பிள்ளையை அனுப்பிவிட்டு வந்தவள் நான். அந்தக் கிழவியோ மகளின் முதுகைத் தடவிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறது. பொறாமையாகத்தான் இருந்தது, ஒளிப்பானேன்?

ஒரு பிரசவத்துக்கு ஒரே குட்டி. அடுத்ததற்கு இரண்டு மூன்று வருஷம்கூட ஆகுமாம். நம்மூர் டாக்டரம்மா சொல்லும் இடைவெளியை இவை யாரும் சொல்லாமலே கடைப்பிடிக்கின்றன! வடநாட்டில் கோயில்களில் திரியும் செம்முகக் குரங்குகளில் இன்னொரு வேடிக்கை. அம்மாவின் அந்தஸ்து மகளுக்கு வரும். அதிலும் கடைக்குட்டிப் பெண்ணுக்குத்தான் அக்காக்களை விட மேலான இடம். மூத்தவளாகப் பிறந்த எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே கூட்டம் பாலத்தில் ஏறிவிட்டது. குட்டி இறுகப் பற்றிக்கொள்ள, தாய் கயிறாட்டம் நடந்து போனது. கிழவி பின்னாலேயே. கடைசியில் ஒரு விடலைக் குரங்கு மட்டும் பாலத்துக்குப் போகாமல் ரோட்டோரம் நின்றது. காவல்காரர் கையை நீட்டி ஒரு லாரியை நிறுத்தினார். அது மெதுவாகக் கடந்து, அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தது.

"இவன் இன்னும் கொஞ்ச காலம்தான் இங்க இருப்பான்" என்றார். அப்புறம் வேறு கூட்டத்தைத் தேடிப் போய், அங்கே உள்ளவர்களோடு மல்லுக்கு நின்று இடம் பிடிக்க வேண்டுமாம். அவனைப் பெற்றவள் எதுவென்று கேட்டேன். "இப்ப முதுகு தடவிக்கிட்டு இருந்துச்சே, அந்தக் கிழவிதான்."

கைப்பையில் பிஸ்கட் பொட்டலம் இருந்தது. எடுக்கப் போனேன். நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டாள். நாம் கொடுத்துப் பழக்கினால் ஒவ்வொரு வண்டிக்கும் ஓடி வந்து சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும் என்றாள். நீங்கள் போனாலும் ஒன்றும் கொடுக்காதீர்கள். புதுத்தோட்டம் தாண்டும் வரை வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.

அன்று ராத்திரி பெண்ணுக்குப் போன் போட்டேன். "அம்மா, இன்னைக்குக் குப்புற விழுந்துட்டான்!" என்று கத்தினாள். அவள் மாமியார் கொழுக்கட்டை செய்கிறாராம். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது.