தாண்டிக்குடி வேலியோரத்துக் கொடி பீன்ஸ்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பேருந்தில் டம்டம் பாறையைத் தாண்டிப் போனால் ஊத்து என்ற இடம் வரும். சுற்றுலா வந்தவர்கள் நேரே மேலே போய்விடுவார்கள். பண்ணைக்காட்டுக்காரர்களும் தாண்டிக்குடிக்காரர்களும் அங்கே பிரியும் சாலையில் திரும்புவார்கள். அதற்குப் பிறகு வழியெல்லாம் காபித் தோட்டங்கள். நிழல் மரங்களில் மிளகு ஏறியிருக்கும்; இடையிடையே மலைவாழை, சௌசௌ பந்தல். திண்டுக்கல் மாவட்டத்தின் கீழ்ப்பழனி மலையில் பணம் தரும் பயிர்கள் இவை. வீட்டுக்குப் பின்னால் கம்பு நட்டு ஏற்றிய கொடி பீன்ஸைப் பார்ப்பதற்கென்று யாரும் இந்த மலை ஏறுவதில்லை.

ஆனால் பார்க்க வேண்டிய இடம் அதுதான். தாண்டிக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் அடுப்படித் தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரமாக மூன்று வரிசைக் கம்புகள் நிற்கின்றன. ஒரு வரிசையில் மாமியார் வீட்டுக் கறுப்பு விதை. அடுத்ததில் மருமகள் பிறந்த ஊரிலிருந்து கொண்டுவந்த வெள்ளை விதை. மூன்றாவது, கடையில் வாங்கிய அர்கா சுகோமல். மூன்றும் ஒரே நாளில் ஊன்றியவை. வரிசைக்குப் பத்துக் குழி, குழிக்கு மூன்று விதை, ஒரு கை மக்கிய சாணம். ரகங்களை ஒப்பிட இந்தச் சமநிலை போதும். ஒன்றை மாசியிலும் மற்றொன்றைச் சித்திரையிலும் ஊன்றிவிட்டு எது நல்லது என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

கறுப்பு விதைக் காய் தட்டையானது, நார் உண்டு. பொரியலுக்கு ஆகாது என்று மருமகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் விதை முற்றிய பிறகு உரித்துப் போட்டுக் குழம்பு வைத்தால் மற்ற இரண்டும் பக்கத்தில் வராது. (காய்ந்த விதையை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நன்றாகக் கொதிக்கவைத்தே சாப்பிட வேண்டும். அரைவேக்காடு வயிற்றைப் புரட்டும்.) வெள்ளை விதை பிஞ்சில் பறித்தால் வெண்ணெய், இரண்டு நாள் தவறினால் நார். சுகோமலின் காய் நீளம், நார் இல்லை. மழைக்குப் பின் மற்ற இரண்டின் இலைக்கு அடியிலும் செம்பழுப்புப் பொடியாகத் துரு நோய் வந்தபோது இது தாங்கி நின்றது.

பெங்களூரு இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ரகம் அது. நூறு நாளில் ஹெக்டேருக்கு 24 டன் என்பது அவர்கள் கணக்கு. அதை வேலியோரத்தில் தேட வேண்டாம். கடையில் கேட்கும்போது பெயரை முழுதாகச் சொல்லுங்கள். 'அர்கா கோமல்' என்றால் முழங்கால் உயரச் செடி பீன்ஸ் வரும். 'சுகோமல்'தான் கொடி. இந்த ஓரெழுத்தை விட்டதால் கம்பு நட்டுவிட்டுக் கொடியைத் தேடியவர்கள் உண்டு.

செடி பீன்ஸ் சீக்கிரம் காய்க்கும், இரண்டு மூன்று வாரத்தில் ஓய்ந்துவிடும். லாரிக்கு ஒரேயடியாக ஏற்றுபவருக்கு அது வசதி. கொடி பீன்ஸ் இரண்டு மாதம் காக்கவைத்து, பிறகு பறிக்கப் பறிக்கக் காய்க்கும். குடும்பத்துக்கு அதுவே வசதி. ஆகவே முதல் பறிப்பைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. இந்த வீட்டில் சுவரில் கரிக்கோடு போடுகிறார்கள், வரிசைக்குத் தனித்தனியாக, ஒரு படிக்கு ஒரு கோடு. கடைசிக் கோடு வரை எண்ணினால் கறுப்பு விதை அவ்வளவு பின்தங்கவில்லை.

செலவெல்லாம் கம்பில்தான். ஏழடி உயரம் வேண்டும். சவுக்கு மிலாறோ மூங்கில் பிளாச்சோ கிடைக்காதவர்கள் மூன்று வாரம் முன்னதாக மக்காச்சோளம் ஊன்றி அதில் ஏற்றலாம். கொடியைக் கையால் சுற்றிவிடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மேலிருந்து பார்த்தால் பீன்ஸ் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்றும். மாற்றிச் சுற்றினால் காலைக்குள் அவிழ்ந்து கிடக்கும்.

சமவெளியில் வருமா என்பது வழக்கமான கேள்வி. ஐப்பசி, கார்த்திகையில் ஊன்றினால் ஓரளவு வரும். வெயில் 30 டிகிரியைத் தாண்டினால் பூ உதிரும். அங்கே கொடி அவரைதான் சரி. அதிலும் பழைய ரகங்கள் பகல் குறுகினால்தான் பூக்கும். ஆடியில் ஊன்றியது பனிக்காலத்தில் காய்க்கும். தையில் ஊன்றினால் பல மாதத்துக்கு வெறும் இலைதான்.

மாமியாரின் கவலை வேறு. "அந்தக் கறுப்பு விதை சந்தையில கிடைக்காதும்மா, ஒரு வருஷம் விட்டா போச்சு" என்கிறார். அது உண்மை. நல்ல வேளையாக இந்த வகைப் பீன்ஸ் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பது; பக்கத்து வரிசையோடு அதிகம் கலக்காது, விதை எடுப்பது எளிது. கெடுதல் நடப்பது வேறு இடத்தில். நல்ல காயையெல்லாம் சமைத்துவிட்டு, கடைசியில் கொடியில் தப்பிக் கிடந்ததை விதைக்கு எடுக்கிறோம். அப்படிச் செய்தால் நோஞ்சான் கொடியே வருஷா வருஷம் நம் விதையாகிறது. காயில் குழிந்த கரும்புள்ளி விழும் நோய் விதை வழியாகவே அடுத்த பட்டத்துக்கு வரும். பூக்கும்போதே நல்ல கொடி இரண்டுக்குத் துணி கட்டிவிட்டு, அதன் முதல் காய்களைத் தொடாமல் விட வேண்டும். காய் மஞ்சளாகி, உலர்ந்து, ஆட்டினால் சலசலக்கும்போது பறிக்கலாம். கடித்தால் பல் பதியாத அளவுக்குக் காய்ந்த பிறகு சாம்பலில் புரட்டிப் புட்டியில் மூடினால் வண்டு வராது.

இந்த வருஷம் மருமகள் கறுப்பு விதைக் கொடியில் பழைய சேலைக் கிழிசலைக் கட்டியிருக்கிறார். ஒரு புட்டி வீட்டுக்கு. இன்னும் இரண்டு கைப்பிடி, ஒன்று பண்ணைக்காட்டில் இருக்கும் நாத்தனாருக்கும் மற்றொன்று கீழ் வீட்டுக்கும். போன பட்டத்தில் காட்டுமாடு வேலியைச் சாய்த்து உள்ளே வந்தது இந்த வீட்டில்தான்.