தண்டிக்க ஒருவர் போதும். காக்கப் பத்துப் பேர் வேண்டுமாம்!

நாமக்கல்லில் ஒரு புதிய லாரி பட்டறையைவிட்டு வெளியே வருகிறது. சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம். முகப்பின் எதிரே பூசணிக்காய் உடைகிறது. கற்பூரம் எரிகிறது. மிளகாயும் கரித்துண்டும் கோத்த கயிறு தொங்குகிறது. திருஷ்டி கழிந்தது என்று உரிமையாளர் மனம் நிறைகிறார். வண்டி நகர்கிறது. அதை ஓட்டிச் செல்பவர் நேற்றிரவு எத்தனை மணி நேரம் உறங்கினார் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை!

நாம் கேட்கிறோம். கேட்கவேண்டிய இடத்தில் வாழ்கிறோம் என்பதால் கேட்கிறோம். நாமக்கல்லும் சங்ககிரியும் லாரியால் வளர்ந்த ஊர்கள். பாடி கட்டும் பட்டறையின் சம்மட்டி ஓசையும் டீசல் புகையும் இங்கே காற்றோடு கலந்தவை. நாம் பணியாற்றும் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினால், தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் 'ஓட்டுநர்', 'ஓட்டுநர்' என்றே பக்கத்துக்குப் பக்கம் வரும். பெற்றோர் கூட்டத்திற்கோ தாய்மார்கள் மட்டுமே வருவார்கள். "அவர் லோடு ஏத்தப் போயிருக்காருங்க சார், எப்ப வருவாருன்னு தெரியாதுங்க" என்பதே நாம் மாதந்தோறும் கேட்கும் விடை.

கணக்கு ஆசிரியர் விடுப்பிலிருந்த ஒரு நாள், அவ்வகுப்பு நம்மிடம் வந்தது. கலைப் பட்டம் பெற்ற நமக்குத் தெரிந்த எளிய கணக்கொன்றைப் பலகையில் எழுதினோம். வடநாட்டு நகரம் ஒன்று 2,400 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. லாரி மணிக்கு 40 கிலோமீட்டர் செல்கிறது. எத்தனை மணி நேரத்தில் சென்று சேரும்? 60 மணி நேரம் என்று வகுப்பு முழங்கியது. கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுவன் எழுந்தான். "சார், இதுல அப்பா தூங்குற நேரத்தச் சேக்கலையேங்க?" என்றான்.

சிறுவன் கேட்டது கணக்குப் புத்தகத்தில் இல்லாத கேள்வி. நிறுவனங்களின் நிர்வாகப் புத்தகத்திலும் இல்லாத கேள்வி! அன்று மாலை முதல், விடுமுறைக்கு ஊர் வந்த ஓட்டுநர்களைத் தேடிச் சென்று விசாரித்தோம். அவர்கள் கூறியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

மாதச் சம்பளம் என்பது பலருக்கு இல்லை. டிரிப்புக்கு இவ்வளவு, அதற்குமேல் படி இவ்வளவு என்பதே ஏற்பாடு. வண்டி ஓடினால் கூலி, நின்றால் பட்டினி. ஆலை வாயிலில் சரக்கு ஏற்ற இரண்டு நாள் காத்துக் கிடந்தாலும் அந்த இரண்டு நாளுக்குக் காசில்லை. டீசல் கணக்கில் குறைந்தால் பிடித்தம், மூட்டை குறைந்தால் பிடித்தம், தார்ப்பாய் கிழிந்து சரக்கு நனைந்தால் பிடித்தம். வேலைக்குச் சேர்ந்ததற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. எந்த விதிப்படி பிடித்தார்கள் என்று கேட்க, விதியே எழுத்தில் இல்லை! முன்பெல்லாம் உடன் ஒரு கிளீனர் வருவார். பேச்சுத் துணையாவது இருக்கும். இன்று செலவைக் குறைக்கிறோம் என்று பல வண்டிகளில் ஓட்டுநரைத் தனியே அனுப்புகிறார்கள். வண்டி எங்கே நிற்கிறது என்பதைக் காட்டும் கருவி மட்டும் உடன் செல்கிறது. அரைமணி கண்ணயர்ந்தால் கைப்பேசி அலறுகிறது: "ஏன் நிற்கிறாய்?"

சிறுவனின் கணக்கைத் தோழர்கள் நம்மோடு சேர்ந்து போட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்று சட்டமுறைப்படி ஓட்டினால், 60 மணி நேரப் பயணத்திற்கு ஏழரை நாள் வேண்டும். நான்கே நாளில் சேர்க்கவேண்டும் என்று அலுவலகம் ஆணையிட்டால், நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓட்டவேண்டும். ஏற்றுவது, இறக்குவது, உண்பது, குளிப்பது எல்லாம் மீதமுள்ள ஒன்பது மணி நேரத்திற்குள்! வேடிக்கை இன்னொன்று உண்டு. சரக்கோடு செல்லும் இ-வே பில்லுக்கு, 2021 முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அரசு செல்லுபடிக் காலம் தருகிறது. 2,400 கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு நாள்! காகிதத்திற்குப் பன்னிரண்டு நாள், அதைச் சுமந்து செல்லும் மனிதனுக்கு நான்கு நாள்! காகிதம் பெற்ற பேற்றை மனிதன் பெறவில்லை.

சட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. 1961-இல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. நாளுக்கு எட்டு மணி, வாரத்திற்கு 48 மணி, ஐந்து மணி நேர உழைப்புக்குப் பின் அரைமணி ஓய்வு, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, மிகைநேரத்திற்கு இரட்டிப்பு ஊதியம், சம்பளத்தோடு ஆண்டு விடுப்பு என்று அது அழகாகப் பேசியது. நெடுந்தொலைவு வழிகளில்கூட, அனுமதி பெற்றாலும், பத்து மணிக்கு மேல் கூடாது என்றது. அதன் வேலைநேர வரம்பை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் எடுத்தாண்டது. ஆனால் 1961-ஆம் ஆண்டுச் சட்டம் தானாகச் சென்று சேர்ந்தது, ஐந்து தொழிலாளருக்குக் குறையாத நிறுவனங்களை மட்டுமே. ஒன்றும் இரண்டுமாக லாரி வைத்திருப்போரிடம் வேலை பார்ப்பவர்களுக்கு விடுப்பும் மிகைநேர ஊதியமும் ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்தன. ஐந்தை ஒன்றாக்குவார்கள் என்று எதிர்பார்த்தோம். 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, ஐந்தைப் பத்தாக்கியது!

இனி மறுபக்கம் பாருங்கள். 2023-இல் நிறைவேறிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு, விபத்தில் உயிர்போகக் காரணமாகிக் காவல்துறைக்கோ நீதிபதிக்கோ அறிவிக்காமல் தப்பும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறை என்றது. 2024 ஜனவரியில் பல மாநிலங்களில் ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்திப் போராடினார்கள். அதன் விளைவாக, அவ்வாண்டு ஜூலை முதல் நாள் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. அடிபட்டவரைச் சாலையில் விட்டு ஓடுவது மனிதத் தன்மையன்று. அதற்கு நாம் வக்காலத்து வாங்க வரவில்லை. நம் கேள்வி வேறு. ஓட்டுநரைத் தண்டிக்க ஒருவர் போதும். அவருக்கு விடுப்புக் கொடுக்க மட்டும் பத்துப் பேர் வேண்டுமா? பதினைந்து மணி நேரம் ஓட்டச் சொன்னவர் எந்தப் பிரிவில் வருகிறார்?

எந்தப் பிரிவிலும் வராமல் அவரைக் காப்பது எது? தலைவிதி! விபத்து நடந்தால், "அவன் தலையெழுத்து" என்கிறது ஊர். "கண்ணேறு பட்டுவிட்டது" என்கிறது உறவு. ஓட்டுநரின் மனைவி தாலிக் கயிற்றுக்கு மஞ்சள் பூசி, அடுத்த பயணத்திற்கு வேண்டுதல் வைக்கிறாள். உறக்கமின்மை என்ற கண்முன் நிற்கும் காரணம், காணாத விதியின் முதுகுக்குப் பின்னே ஒளிந்துகொள்கிறது. மூடநம்பிக்கை அறியாமை மட்டுமன்று, தோழர்களே! அது சிலருக்கு ஆதாயம் தரும் முதலீடு. எலுமிச்சம்பழம் மலிவு, இரண்டாவது ஓட்டுநரின் சம்பளம் அதிகம்!

மாற்றம் இயலாது என்பாரும் உண்டு. 2025 அக்டோபர் முதல் தயாராகும் சரக்கு லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிரூட்டும் வசதி கட்டாயம் என்று விதி வந்தது. வெக்கையில் வேகும் உடல் தளரும், தளர்ந்த உடல் தவறும் என்பதை அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. வெப்பத்தை ஒப்புக்கொண்டவர்கள் உறக்கத்தையும் ஒப்புக்கொள்ளட்டும்.

நாம் வேண்டுவன பெரியவை அல்ல. ஒரே லாரி உள்ளவரிடம் பணிபுரியும் ஓட்டுநரையும் சட்டம் தொடவேண்டும். பணி நியமனம் எழுத்தில் இருக்கவேண்டும். காத்திருக்கும் நாளுக்கும் கூலி வேண்டும். சரக்கு அனுப்புவோர் குறிக்கும் பயண நேரத்தில் உறங்கும் மணிகளும் எழுதப்படவேண்டும்; எழுதாமல் விரட்டியவர் விபத்துக்குப் பங்கேற்கவேண்டும்.

படித்த இளைஞர்களே! உங்கள் ஊர் லாரி நிறுத்தத்திற்கு ஒரு மாலை சென்று பாருங்கள். கையில் ஒரு குறிப்பேடு போதும். எத்தனை மணிக்குப் புறப்பட்டார், எத்தனை மணி ஓட்டினார், எவ்வளவு பிடித்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். எழுதியதைத் தொழிலாளர் துறை அலுவலகத்திற்கு மனுவாக்குங்கள். விதி என்று வாய்மொழியில் உலவுவதெல்லாம், எண்ணாக எழுதப்பட்ட அன்றே விளக்கம் கேட்கும் குற்றச்சாட்டாகிவிடும்.